நான்கு விரற்கடை இடைவெளி

என் வண்டியில் சக்கரத்துக்கும் அதன் மேலே குடைபோல வளைந்திருக்கும் மட்கார்டுக்கும் நடுவே, நான்கு விரல்களை அடுக்கிச் செருகும் அளவுக்கு இடைவெளி இருந்தது. வாங்கிய நாளிலிருந்து மூன்று வருஷ காலம் அந்த இடைவெளி என் கண்ணில் பட்டதே இல்லை; பட்டிருந்தாலும் அது ஒரு குறை என்று என் புத்திக்குத் தோன்றியிராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அக்காள் மகன், பொறியியற் கல்லூரியில் மூன்றாம் வருஷம் வாசிப்பவன், வாசலில் நின்று காப்பியை ஆற்றிக்கொண்டே, “மாமா, உங்க வண்டி சேத்துல எறங்கறதுக்கு வேட்டிய மடிச்சுக் கட்டின மாதிரி நிக்குதுங்க” என்று சொன்னான். அவன் போய்விட்டான், அவன் சொன்ன சொல் போகவில்லை.

அன்று முதல், அவினாசி சாலையில் எதிர்ப்படும் வாகனங்களில் எல்லாம் வண்டி எனக்குத் தெரியாமல், சக்கரத்துக்கு மேலுள்ள வெற்றிடம் மட்டுமே தெரியலாயிற்று. என்னுடையது நடுத்தரமான ஒரு எஸ்.யூ.வி. தரைக்கும் அதன் அடிவயிற்றுக்கும் இடையே 190 மி.மீ. உயரம், அந்த உயரத்தைச் சொல்லித்தான் விற்றார்கள், அந்த உயரத்துக்காகத்தான் நானும் பணம் கொடுத்தேன். உயரத்துக்காக ஒரு தரம் பணம் கொடுத்து வாங்கியதை, தாழ்த்துவதற்காக மறு தரம் பணம் கொடுப்பது எந்த ஊர்க் கணக்கு என்று, நூற்பாலையில் இருபத்தாறு வருஷமாகக் கணக்கெழுதும் என்னை என் மனைவி கேட்டாள். வண்டியின் பாரமையம் தாழ்ந்தால் வளைவுகளில் சாய்வது குறையும், நெடுஞ்சாலையில் ஸ்திரமாக நிற்கும் என்று யந்திர சாஸ்திரம் பேசினேன். அது பொய்யல்ல. ஆனால் மெய்யான காரணமும் அதுவல்ல. மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

வாகன அலங்காரத்துக்கென்றே நடத்தப்படும் ஒரு கடைக்குப் போனேன். சுவர் முழுவதும் அலாய் வீல்கள், கோயில் மண்டபத்துத் தாமரைப் பதக்கங்கள்போல வரிசை வரிசையாக மாட்டியிருந்தன. அங்கிருந்த இளைஞர் என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, 40 மி.மீ. தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங்குகளையும், 18 அங்குல ரிம்களையும், அவற்றுக்கு 235/55 அளவில் டயர்களையும் சிபாரிசு செய்தார். ஷாக் அப்சார்பரின் தண்டில் செருகியிருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர்க் கட்டையைப் பாதியாக அறுத்துவிட்டால் வண்டி குதிக்காமல் மெத்தென்று போகும் என்றும் சொன்னார். உரசுமா என்று நான் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “ஒண்ணும் ஆகாதுங்ண்ணா” என்பதுதான் விடை. சாயங்காலம் வண்டியை எடுத்தபோது நான்கு விரல் இடம் ஒரு விரலாகச் சுருங்கியிருந்தது. தெருமுனையில் நிறுத்திவிட்டு இறங்கி, சற்றுத் தூரம் நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஆனந்தம் பதினோரு நாள் நிலைத்தது. பன்னிரண்டாம் நாள் கிருத்திகை. அம்மா, அக்காள், அக்காள் வீட்டுக்காரர், என் மனைவி ஆகிய நால்வரையும் ஏற்றிக்கொண்டு, டிக்கியில் அன்னதானத்துக்கென்று அரிசி மூட்டை ஒன்றையும் போட்டுக்கொண்டு மருதமலைக்குப் போனோம். மலைப்பாதையில் முதல் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபோது, கீழேயிருந்து, பனைமட்டையைச் சுவரில் தேய்த்தாற்போல ஒரு சப்தம் எழுந்தது. அடுத்த வளைவில் சப்தத்தோடு வாசனையும் சேர்ந்துகொண்டது. கந்தர் அநுபூதியை மனத்துக்குள் சொல்லிக்கொண்டு வந்த அம்மா கண்ணைத் திறந்து, “என்னடா, ரப்பர் கருகற வாசம் வருது?” என்றாள். மேலே போய் நிறுத்திப் பார்த்தால், முன்சக்கரத்தின் பின்புறமுள்ள பிளாஸ்டிக் லைனர் கிழிந்து நாக்குப்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. பின்சக்கரங்களில் டயரின் வெளித்தோளில், மட்கார்டு உதட்டின் தகரம் பென்சிலால் கோடு போட்டதுபோல் ஒரு வட்டத்தைச் சுற்றிலும் கீறி வைத்திருந்தது. டயருக்குப் பக்கச் சுவர்தான் மர்மஸ்தானம்; தரையில் படும் பகுதியில் இருக்கும் எஃகு இழைப் பட்டை அங்கே கிடையாது, காற்றின் அழுத்தத்தையெல்லாம் அங்கே துணியிழையும் ரப்பருந்தான் தாங்குகின்றன. இன்னும் சில நூறு கிலோமீட்டர் அந்தக் கோடு ஆழமாகிக்கொண்டே போயிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று, சந்நிதியில் நின்றபோது முருகனைவிட அதைத்தான் அதிகம் நினைத்தேன்.

இறங்கும்போது மற்றவர்களை வாடகை வண்டியில் அனுப்பிவிட்டு நான் மட்டும் ஊர்ந்து வந்தேன். அன்றிரவு, முதலிலேயே செய்திருக்க வேண்டிய கணக்கைக் காகிதத்தில் போட்டேன். கணக்கெழுதிப் பிழைக்கிறவன் கணக்கைக் கடைசியில் போட்டான் என்பதை என் மனைவி இன்றுவரை மறக்கவில்லை.

டயரின் மேல் எழுதியிருக்கும் எண்கள் ஜாதகக் கட்டம்போலத் தோன்றினாலும் மிகவும் எளியவை. என் பழைய டயர் 215/60 ஆர் 17. அதாவது அகலம் 215 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 60 பங்கு, ஆகவே 129 மி.மீ.; உள்ளே இருக்கும் ரிம் 17 அங்குலம். மேலும் கீழுமாக இரண்டு சுவரையும் ரிம்மையும் கூட்டினால் முழு விட்டம் ஏறக்குறைய 690 மி.மீ. வருகிறது. புதியதான 235/55 ஆர் 18 என்ற டயருக்கு அதே கணக்கைப் போட்டால் 716. விட்டத்தில் 26 கூடினால் ஆரத்தில் 13 கூடும். ஆகவே உடல் 40 மி.மீ. கீழே வந்தது போதாதென்று, சக்கரம் 13 மி.மீ. மேலே ஏறி அதை எதிர்கொண்டிருக்கிறது, 75 மி.மீ. ஆக இருந்த இடைவெளி 22 ஆகியிருக்கிறது. தாழ்த்தியதன் பலனாகத் தரையிலிருந்து 40 மி.மீ. இழந்தேன் என்று நினைத்திருந்தேன். பெரிய டயர் 13-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டபடியால் இழந்தது 27 மட்டுமே. கண்ணுக்குத் தாழ்வு, நிஜத்தில் அரைத் தாழ்வு.

இது மேல்நோக்கிய கணக்கு. பக்கவாட்டுக் கணக்கு ஒன்று தனியாக உண்டு. அகலம் 20 மி.மீ. கூடினால் உட்புறம் பத்தும் வெளிப்புறம் பத்துமாகப் பங்கிட்டுக்கொள்ளும். ஆனால் ரிம்முக்கு ஆஃப்செட் என்று ஓர் அளவு இருக்கிறது: ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது அச்சுமுனையில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம். அந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். என் புதிய ரிம்மின் ஆஃப்செட் பழையதைவிட 10 மி.மீ. குறைவு. ஆகவே டயரின் உள்விளிம்பு பழைய இடத்திலேயே இருக்க, வெளிவிளிம்பு மட்டும் 20 மி.மீ. வெளியே துருத்திக்கொண்டு, மட்கார்டின் உதட்டுக்கு நேர் கீழே போய் நின்றது. முன்சக்கரத்திலோ இதற்கு இன்னொரு விளைவு: ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது சக்கரம் தன் இடத்திலேயே திரும்புவதில்லை, ஒரு கதவைப்போலத் தன் கீலைச் சுற்றி வீசுகிறது, வெளியே தள்ளி நிற்கும் சக்கரம் அகலமான கதவு, அதன் வீச்சும் அதிகம். கிழிந்த லைனருக்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

மறுநாள் கடைக்குப் போனபோது இளைஞர் கலங்கவில்லை. அவரிடம் உரசலுக்கு மூன்று சிகிச்சைகள் தயாராக இருந்தன. மட்கார்டின் உதட்டை உருளையால் அழுத்தி உள்ளே மடிப்பது ஒன்று. அதற்குச் சூடான காற்றை ஊதிப் பெயின்டை இளக்கிக்கொள்ளாவிட்டால் பெயின்ட் வெடிக்கும், வெடிக்காவிட்டாலும் இரண்டு தகடுகளும் கூடும் இடத்தில் பூசியிருக்கும் அடைப்பு விட்டுப்போய் ஐப்பசி மழை உள்ளே குடியேறும். லைனரை வெட்டி எறிவது இரண்டாவது. ஸ்பேசர் போட்டுச் சக்கரத்தை இன்னும் வெளியே தள்ளுவது மூன்றாவது. வெளியே வந்ததனால் உரசுகிற சக்கரத்துக்கு இன்னும் வெளியே வரும்படி மருந்து கொடுத்த வைத்தியரை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஸ்பேசர் உட்புற உரசலுக்கு உதவுமே தவிர இதற்கு உதவாது. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகுதான், ஆலையில் என்னோடு வேலை செய்யும் ஃபிட்டர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, சிங்காநல்லூரில் ஒரு வேப்பமரத்தடிப் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்கார மேஸ்திரிக்கு எழுபது வயதிருக்கும். கோவையில் 1980களில் கரிவரதன், மாருதி 800-இன் எஞ்சினை வைத்து ஒற்றையாள் பந்தய வண்டிகளைக் கட்டிய காலத்தில், அந்த வண்டிகளில் வேலை செய்தவர்களில் அவரும் ஒருவர் என்று ஃபிட்டர் சொல்லியிருந்தார். அவர் வாயால் அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. என் வண்டியின் மட்கார்டுக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மாட்டு வைத்தியர் வயிற்றைத் தடவுவதுபோலத் தடவிப் பார்த்தார். பிறகு, “ஏனுங்க தம்பி, இந்த எடம் சும்மா கெடக்குதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?” என்று கேட்டார்.

நான் விழித்தேன்.

“வண்டி நிக்கறப்ப அது சும்மாதானுங்க கெடக்கும். ஓடறப்ப சக்கரம் அங்கதான குடியிருக்குது?”

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததெல்லாம் அவருடைய அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. மூன்று வருஷம் நான் பாராமலும், பிறகு ஒரு மாதம் வேறெதையும் பாராமலும் இருந்த அந்த நான்கு விரற்கடை, வெற்றிடமே அல்ல. பள்ளத்திலும் மேட்டிலும் சக்கரம் ஏறி இறங்குவதற்கென்று, அதைக் கட்டியவர்கள் அளந்து ஒதுக்கிவைத்த நடமாட்ட ஸ்தலம். திண்ணை காலியாக இருக்கிறதே என்று அதில் நெல் மூட்டையை அடுக்கிவிட்டு, விருந்தாளி வந்ததும் உட்கார இடமில்லை என்று அங்கலாய்த்தவன் நான்.

அவர் செய்த பரீட்சையை விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வண்டியைத் தாழ்த்த நினைக்கிற எவரும் ஸ்பிரிங்குக்குப் பணம் கொடுப்பதற்கு முன் செய்யவேண்டிய ஒரே பரீட்சை அதுதான். முன்புறத்தில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் ஸ்டிரட்டைக் கழற்றி, அதிலிருந்து ஸ்பிரிங்கை மட்டும் எடுத்துவிட்டு, வெறும் ஷாக் அப்சார்பரைத் திரும்ப மாட்டினார். வண்டியை உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்திவிட்டு, சக்கரத்தைப் பூட்டி, கீழ்க்கையின் அடியில் ஜாக்கியை வைத்துச் சக்கரத்தை அங்குலம் அங்குலமாக மேலே ஏற்றினார். ஸ்பிரிங் இல்லாதபடியால், மிகப் பெரிய பள்ளத்தில் விழுந்தால் மட்டுமே சக்கரம் போகக்கூடிய உச்சத்துக்கு அது வெண்ணெய்போல ஏறிப் போயிற்று. ஒவ்வொரு நிலையிலும் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு என்னைத் திருப்பச் சொல்லி, டயருக்கும் அதைச் சுற்றியுள்ள தகரம், லைனர், ஸ்டிரட் எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு மரக்குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சியின் கனம் ஏறக்குறைய 12 மி.மீ. அது நுழையாத இடமெல்லாம் உரசும் இடம். ஏனென்றால் வளைவில் டயர் பக்கவாட்டில் பிதுங்கும், ரப்பர்ப் புஷ்கள் நெளியும், அதற்கெல்லாம் அந்தக் குச்சியின் கனம் கைக்காவல் என்பது அவர் சித்தாந்தம்.

பம்ப் ஸ்டாப் கதை இங்கேதான் தெளிவாயிற்று. சக்கரம் எவ்வளவு மேலே போகலாம் என்பதைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்கின் நீளமல்ல, அந்த ரப்பர்க் கட்டைதான். ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினால் வண்டி நிற்கும் உயரம் மாறுமே தவிர, சக்கரத்தின் உச்ச எல்லை மாறாது. ஆகவே பழைய டயரும் பழைய ரிம்மும் முழுக் கட்டையும் இருந்திருந்தால், 40 மி.மீ. தாழ்த்திய பிறகுங்கூட என் வண்டி பெரும்பாலும் உரசியிராது. கட்டையில் அடிக்கடி முட்டி இடுப்பை முறித்திருக்கும், அவ்வளவே. முட்டாமல் இருக்கக் கட்டையை அறுத்தார்கள். அறுத்ததனால் சக்கரத்துக்கு, அதைச் செய்தவர்கள் ஒருபோதும் உத்தேசிக்காத உயரத்துக்கு வழி திறந்துவிட்டது. அந்த உயரத்துக்கு, ஆரத்தில் 13 மி.மீ. பெரிய டயரையும் அனுப்பிவைத்தார்கள். அறுத்த கட்டையின் மிச்சத்தை மேஸ்திரி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். திட்டியிருந்தாலும் தேவலை.

ஸ்பிரிங்கையே ரம்பத்தால் அறுக்கும் கைவைத்தியமும் நம் ஊரில் உண்டு. சுருளை ஒன்று குறைத்தால் வண்டி தாழும் என்பது வாஸ்தவம். ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்பு அதன் வேலை செய்யும் சுருள்களின் எண்ணிக்கைக்கு நேர் எதிரானது, ஆறு சுருளில் ஒன்றை எடுத்தால் மீதி ஐந்தும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கு அதிகமாக விறைக்கும். பின்புறத்தில் இன்னும் ஆபத்து. என் வண்டியில் பின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியே இருப்பதால், ஜாக்கி போட்டுத் தூக்கும்போது சக்கரம் தொங்கினால், குட்டையாகிப்போன ஸ்பிரிங் தன் பீடத்தை விட்டு நழுவிக்கொண்டு வந்துவிடும். கேஸ் நெருப்பில் காட்டி ஸ்பிரிங்கைத் துவளவைக்கிறவர்களைப் பற்றிக் கேட்டேன். எஃகுக்கு ஊட்டியிருக்கும் பதம் அந்த நெருப்பில் போய்விடும் என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

“எறக்கறதுன்னு நெனச்சதும் எங்கிட்ட வந்திருந்தீங்கன்னா, டிக்கியில நாலு மூட்ட சிமெண்ட்டப் போட்டு ஒரு வாரம் ஓட்டுங்கன்னு சொல்லியிருப்பனுங்க” என்றார். நான்கு மூட்டை என்றால் 200 கிலோ. பின்பக்கம் இரண்டு விரல் தாழும். செலவில்லாமல் கண்ணுக்கு அழகையும் காதுக்கு உரசலையும் ஒருங்கே காட்டிவிடும். இது அவர் கண்டுபிடித்ததும் அல்ல. லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டாம் உலக யுத்தத்தை ஒட்டிய வருஷங்களில் மெக்ஸிகோ வம்சத்து இளைஞர்கள் தங்கள் பழைய ஷெவர்லே வண்டிகளைத் தாழ்த்தியது இப்படித்தான்: டிக்கியில் மணல் மூட்டை. வேகமாகப் போக அல்ல, மெதுவாகவும் தாழ்வாகவும் ஊர்ந்து போய் நாலுபேர் கண்ணில் பட. 1950களின் இறுதியில் கலிபோர்னியா அரசாங்கம், ரிம்மின் கீழ்விளிம்புக்குக் கீழே வண்டியின் எந்த உறுப்பும் வரலாகாது என்று சட்டம் போட்டது. ரான் அகிர்ரே என்பவர் தம் கார்வெட்டில் ஆகாய விமானத்து ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தி, போலீஸைக் கண்டதும் வண்டியைத் தூக்கி, அவர்கள் போனதும் இறக்கிக்கொள்ளும் உபாயத்தைக் கண்டார். அந்த இளைஞர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில், 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து, அந்தத் தடை கலிபோர்னியாவில் நீங்கிவிட்டது.

நம் நாட்டில் நீங்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுப் புத்தகத்தில் கண்ட விவரங்கள் தயாரித்தவர் நிர்ணயித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அதே வருஷத்துத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்கும் முதல் கேள்வியும் இதுவாக இருக்கும். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்பேனரைத் தேட வேண்டாம். என் அனுபவம் என் அனுபவமாகவே இருக்கட்டும்.

வேகத்தடையைப் பற்றிப் பேசாமல் போனால் கோவைவாசி ஆகமாட்டேன். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்திருக்கும் விதிப்படி ஒரு வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உடையதாக, யானை படுத்ததுபோல் மெல்லச் சரிந்து எழ வேண்டும். எங்கள் தெருவில் இருப்பது, மிஞ்சிய தாரை ஒப்பந்தக்காரர் கொட்டிவிட்டுப் போனது. யானையல்ல, படுத்திருக்கும் பன்றி. அந்தப் பதினோரு நாளும் அதைக் குறுக்கே சாய்த்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினேன். எதிர்வீட்டுப் பெரியவர் தினந்தோறும் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்து ரசித்தார்.

கடைசியில் நடந்தது இது. 18 அங்குல ரிம்கள் இறங்கின; பழைய 17 அங்குல ரிம்களும், கீறல் இல்லாத பழைய டயர்களும் திரும்பி வந்தன. 40 போய், 15 மி.மீ. மட்டும் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள். பம்ப் ஸ்டாப்புகள் நான்கும் முழுசாக, புதியவை. ஸ்பிரிங் படிந்து அமர 500 கிலோமீட்டர் ஓட்டிய பிறகே வீல் அலைன்மென்ட் பார்க்கச் சொன்னார். தாழ்த்தினால் சக்கரத்தின் தலை உட்புறம் சாயும், முன்சக்கரங்கள் ஒன்றையொன்று பார்க்கும் கோணமும் பிசகும், அதைத் திருத்தாவிட்டால் டயரின் உள்விளிம்பு யாருக்கும் தெரியாமல் தேய்ந்துகொண்டே போகும். இப்போது இடைவெளி மூன்று விரல் இருக்கிறது. என் அக்காள் மகன் வந்து பார்த்து, “வித்தியாசமே தெரியலீங்க மாமா” என்றான். அவனுக்காகச் செலவழித்த தொகையை அவனிடம் சொல்லவில்லை.

பட்டறையை விட்டு வண்டியை எடுக்கும் முன், மேஸ்திரி சுண்ணாம்பைக் குழைத்து, நான்கு மட்கார்டுகளின் உட்புறத்திலும், உரசக்கூடும் என்று தோன்றிய இடங்களிலெல்லாம், திருநீறு வைப்பதுபோல ஆள்காட்டி விரலால் புள்ளி வைத்தார். “அதே ஆளுங்க, அதே மூட்டையோட மலைக்குப் போய்ட்டு வாங்க” என்றார். போனோம். கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். குரங்குகளின் சப்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அம்மா கந்தர் அநுபூதியை முழுவதும் முடித்தாள்.

பட்டறைக்குத் திரும்பி வந்து, டார்ச் விளக்கை அடித்துக்கொண்டு மேஸ்திரியும் நானுமாகக் குனிந்து எண்ணினோம். பதினாறு புள்ளிகளில் பதினைந்து வைத்தபடியே இருந்தன. இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு மேலே இருந்தது மட்டும் லேசாக அழிந்திருந்தது. மேஸ்திரி விரலால் தடவி, முகர்ந்து பார்த்து, “தண்ணி பட்டிருக்குதுங்க, ஒரசல் இல்ல” என்றார். மலையில் அன்று தூறல்கூட இல்லை. அடிவாரத்தில், சாலையில் தேங்கிக் கிடந்த குழாய்த் தண்ணீரைக் கடந்து வந்தோம் என்பது அப்புறம் என் மனைவி ஞாபகப்படுத்திய பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆனாலும் அதே இடத்தில் நானே ஒரு புள்ளி வைத்திருக்கிறேன், வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.